தட்டு வாங்கக் கிளம்புகிறீர்களா? காந்தத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்

கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடையில் 31 வருடம் நின்றேன். நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும், உட்கார்ந்திருந்தவர் முதலாளி. குத்துவிளக்கும் பித்தளை டவரா செட்டும் வெளியூர்க்காரர்கள் வாங்கிப்போவது. கடையின் அன்றாடப் பிழைப்பு சாப்பாட்டுத் தட்டில்தான் ஓடியது. முகூர்த்த மாதங்களில் ஒரே நாளில் இருநூறு முந்நூறு தட்டுகளை எடுத்துக்காட்டித் திரும்ப அடுக்கியிருக்கிறேன். இப்போது முழங்கால் ஒத்துழைக்கவில்லை, 2019-லேயே நின்றுவிட்டேன். ஆனால் "என்ன தட்டு வாங்கலாம்?" என்று கேட்டு வரும் போன் மட்டும் நிற்கவில்லை. சொன்னதையே சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது, "வீட்டில் பாத்திரம் தேய்ப்பது யார்?" என்பதுதான். சாப்பிடுவது யார் என்று கேட்பதில்லை. தட்டு சாப்பாட்டு மேஜையில் கெடுவதில்லை, தொட்டியடியில் கெடுகிறது. நீங்களே ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்ப்பவர் என்றால் பீங்கான் கூடப் பல வருடம் வரும். வேலைக்கு வரும் அம்மா குக்கர், வாணலி, தட்டு எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் போட்டுத் தேய்க்கிறார் என்றால் எவர்சில்வர்தான். அவர் மேல் தப்பில்லை, அடுத்து மூன்று வீடு போக வேண்டும். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சிமென்ட் தரையில் உட்கார்ந்து தேய்க்கிற வீடு என்றால், கண்ணாடி, பீங்கான் பக்கம் திரும்பவே வேண்டாம்.

எவர்சில்வரில் நம்மூர்க்காரர்கள் பார்ப்பது பளபளப்பு. பார்க்க வேண்டியது கனம். தகட்டின் கனத்தைக் கடையில் கேஜ் என்பார்கள். இதில் ஒரு குழப்பம்: எண் கூடக் கூடத் தகடு மெலியும். 22 கேஜ் என்றால் சுமார் 0.7 மில்லிமீட்டர், 24 கேஜ் 0.56, 26 கேஜ் 0.46. விஷயம் தெரியாத ஒருவர் "26 போடுங்க, நல்லதாவே போடுங்க" என்று கேட்டால், சில கடைகளில் சிரித்துக்கொண்டே கட்டிக் கொடுத்துவிடுவார்கள். கேஜைக் கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம். தராசு சொல்லிவிடும். 12 அங்குலத் தட்டு ஒன்று 22 கேஜில் 450 கிராமுக்குக் குறையாது. 24 கேஜில் 370, 380 வரும். 300 கிராம் பக்கத்தில் நின்றால் அது 26. தினமும் சாப்பிடுகிற தட்டுக்கு 22, கை வலிக்கிற பெரியவர்களுக்கு 24. அதற்குக் கீழே வேண்டாம். எவர்சில்வர் பெரும்பாலும் எடைக்கு விற்கிற சரக்கு, அதனால் "ஒரு தட்டை மட்டும் நிறுத்துக் காட்டுங்க" என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

தராசு இல்லாத இடத்தில் கட்டைவிரல் போதும். தட்டை மேஜையில் வைத்து நடுவில் அழுத்துங்கள். 'டொக்'கென்று உள்ளே போய் வெளியே வந்தால் தகடு மெலிசு, இரண்டு தடவை கீழே விழுந்தால் ஒடுக்கு விழுந்துவிடும். அடுத்து, தட்டைக் கண்ணாடி மேஜை மேல் வைத்து விளிம்பில் எதிரெதிராக இரண்டு விரலால் தட்டிப் பாருங்கள். ஆடினால் அடுத்ததை எடுங்கள். புதிதாக இருக்கும்போதே ஆடுகிற தட்டு, பிசைகிற கைக்கு ஈடுகொடுத்து எப்படி நிற்கும்?

விளிம்புக்கு மட்டும் தனியாக ஒரு நிமிடம் கொடுங்கள். ஆள்காட்டி விரலை விளிம்பின் அடிப்பக்கமாக ஒரு சுற்று ஓட்ட வேண்டும். மெதுவாக, அறுத்துக்கொள்ளாதீர்கள். தகட்டை வெட்டி அப்படியே விட்டிருந்தால் கத்தி மாதிரி இருக்கும், தேய்ப்பவர் கையைக் கிழிக்கும். சுருட்டிவிட்டிருந்தால் நல்லது. ஆனால் அந்தச் சுருள் முழுசாக மூடியிருக்கிறதா என்று பாருங்கள். பாதியில் நிற்கிற சுருளுக்குள் தண்ணீரும் சோப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் போய் உட்கார்ந்துகொள்ளும். நாலு மாதம் கழித்துத் தட்டைத் திருப்பிப் பார்த்தால் கறுப்பாக ஒரு கோடு ஓடும், எந்த நாராலும் அதை எடுக்க முடியாது. என் அனுபவத்தில், வீட்டுக்காரம்மாக்கள் ஒரு தட்டை வெறுத்து ஒதுக்குவது பெரும்பாலும் இந்தக் கறுப்புக் கோட்டுக்காகத்தான்.

உயரத்தையும் பார்க்க வேண்டும். நாம் ரசம் சாப்பிடுகிறவர்கள். விளிம்பு ஒரு அங்குலமாவது எழும்பியிருக்க வேண்டும், அடி சமதளமாக இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பாணியில் வருகிற அகலவிளிம்புத் தட்டில் ரசத்தை ஊற்றினால், அது சாதத்தை விட்டுவிட்டு நேராக மடிக்கு வரும். குழி குழியாகப் பிரித்த தட்டு குழந்தைகளுக்குச் சரி. பெரியவர்களுக்கு, பிசைய இடம் போதாது. குழியின் மூலைகளில் பருப்பு காய்ந்தால் தேய்ப்பவர் திட்டுவார்.

இனி காந்தம். தொண்ணூறுகளில் யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது, "காந்தம் ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் ஒரிஜினல்" என்று ஊரெல்லாம் பரவிவிட்டது. ஒரு மாமி ரேடியோ ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தத்தையே முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார். "எந்தக் கடையானாலும் இதைத்தான் நம்புவேன் தம்பி" என்றார். அவர் மனசைக் கெடுக்க வேண்டாமென்று நானும் பேசாமல் நின்றேன்.

உண்மை இதுதான். உயர்ந்த ரகம் என்று சொல்கிற 304-ல் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். நிக்கல் விலை அதிகம் என்பதால் அதைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்கிற ரகங்கள்தான் 201, 202, ஜே4 எல்லாம். நிக்கல் ஆனாலும் மாங்கனீசு ஆனாலும் உலோகத்தின் உள்ளமைப்பைக் காந்தம் ஒட்டாதபடி மாற்றிவிடும். அதனால் 202-லும் காந்தம் ஒட்டாது, 304-லும் ஒட்டாது. இதோடு முடியவில்லை, வேடிக்கை இனிமேல்தான். நல்ல 304 தகட்டையே அழுத்தி வளைக்கும்போது, வளைந்த இடத்தில் லேசாகக் காந்தம் பிடிக்க ஆரம்பிக்கும். அந்த மாமி 304 தட்டின் விளிம்பில் காந்தத்தை வைத்து, மெல்லப் பிடித்ததும் "போலி" என்று ஒதுக்கிவிட்டு, மாங்கனீசு கலந்த தட்டைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார். காந்தம் பளிச்சென்று கவ்வுவது 430 என்கிற, நிக்கல் சேர்க்காத ரகத்தில். கரண்டி, முள்கரண்டி வகையில் அது நிறைய வரும், தினசரி உபயோகத்துக்கு அது ஒன்றும் விஷமும் இல்லை.

அப்படியென்றால் எப்படித்தான் கண்டுபிடிப்பது? கண்ணால் முடியாது, என்னாலும் முடியாது. மாங்கனீசைக் காட்டுகிற சோதனைத் திரவம் விற்கிறது. ஒரு சொட்டு விட்டுச் சின்ன பேட்டரியை வைத்தால் 200 வரிசைத் தகட்டில் சிவக்கும். மொத்த வியாபாரிகள் வைத்திருப்பார்கள், வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. தட்டின் அடியில் ரகம் முத்திரையாகப் பதிந்திருக்கிறதா பாருங்கள். அதைவிட முக்கியம், பில்லில் '304' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் 304 சொல்பவர்களில் பாதிப்பேர், எழுதச் சொன்னால் பேனா தேடுவார்கள். 2024-ல் எவர்சில்வர் பாத்திரங்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்று மத்திய அரசு ஆணை போட்டது, அதற்கான தர எண் ஐஎஸ் 14756. புதுச்சரக்கில் அந்த முத்திரையையும் தேடுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் "சேலம் ஸ்டீல்" என்ற ஒரு சொல் போதும். சேலம் உருக்காலை எண்பதுகளின் தொடக்கத்தில் தகடு உருட்ட ஆரம்பித்திருந்தது. மறுபேச்சில்லாமல் வாங்குவார்கள். அதற்கு நேர் எதிர்முனை, தெருவில் கூடையோடு வந்து பழைய பட்டுப்புடவைக்கும் பேண்ட் சட்டைக்கும் மாற்றாகக் கொடுக்கப்பட்ட பாத்திரங்கள். பேரம் சுவாரசியமாக இருக்கும், தகடு அப்பளமாக இருக்கும்.

304-தான் வாங்க வேண்டுமா என்றால், தட்டுக்கு என் பதில்: முடிந்தால் வாங்குங்கள், முடியாவிட்டால் கனமான 202 வாங்குங்கள். மெலிந்த 304-ஐவிடக் கனமான 202 தட்டு வீட்டில் அதிக நாள் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். சாப்பாடு தட்டில் இருப்பது இருபது நிமிடம். ஊறுகாய், புளிக்காய்ச்சல், மோர் வைக்கிற பாத்திரத்துக்குத்தான் 304 கண்டிப்பு.

ஏன் என்று ஒரு வாடிக்கையாளர் எனக்குக் கற்றுக்கொடுத்தார். எலுமிச்சை ஊறுகாயை ஒரு கிண்ணத்தில் ஒரு வாரம் வைத்திருந்து, அதைக் காலி செய்ததும் நேராகக் கடைக்கு வந்துவிட்டார். கிண்ணத்தின் அடியில் ஊசியால் குத்தியது போலப் பத்துப் பதினைந்து புள்ளி. "எவர்சில்வர்னா எவர் இருக்க வேணாமாய்யா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இந்த உலோகம் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம், அதிலுள்ள குரோமியம் காற்றோடு சேர்ந்து மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தைப் போட்டுக்கொள்வது. கீறினாலும் அந்தப் படலம் தானாகத் திரும்ப வளரும். ஆனால் உப்பிலுள்ள குளோரைடு ஒரே இடத்தில் நாள்கணக்கில் உட்கார்ந்தால் படலத்தைத் துளைத்துக் குழி பறித்துவிடும். ஆகவே சாப்பிட்ட தட்டை ராத்திரி முழுக்க உப்பும் புளியுமாகக் காயவிடாதீர்கள். உடனே தேய்க்க முடியாவிட்டால் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி அலசியாவது வையுங்கள்.

அதேபோல இரும்புக் கம்பி நாரால் தேய்க்காதீர்கள். உடைந்த கம்பித் துணுக்குகள் தட்டில் ஒட்டிக்கொண்டு அவை துருப்பிடிக்கும், தட்டு துருப்பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். தேங்காய் நார் போதும். போர் தண்ணீரால் வருகிற வெள்ளைப் படிவுக்கு எலுமிச்சைத் தோலோ புளியோ போட்டுத் தேய்த்தால் கரைந்துவிடும். புதுத்தட்டைத் துணியால் துடைத்தால் கறுப்பாக வருவது மெருகேற்றிய பசையின் மிச்சம். கொஞ்சம் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, வெந்நீரில் சோப்புப் போட்டுக் கழுவினால் போய்விடும். ஸ்டிக்கர் பசைக்கும் அதே தேங்காய் எண்ணெய்தான்.

சரி, எவர்சில்வர் வேண்டாம், வெள்ளையாக, பூப்போட்டு இருக்க வேண்டும் என்று சொல்கிற வீடுகள் இப்போது நிறைய. என் மகளே அந்தக் கட்சி. அவர்களுக்கு நான் சொல்வது ஓப்பல் கண்ணாடி. 1970-ல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் கோரெல் என்று கொண்டுவந்தது, மூன்று அடுக்குக் கண்ணாடியை ஒன்றாக இழைத்தது. நம் நாட்டில் லா ஓப்பாலா, போரோசில் போன்றவர்கள் செய்வது சூடேற்றிக் குளிரவைத்து வலுவூட்டிய ஓப்பல். இரண்டிலும் சூத்திரம் ஒன்று: மேற்பரப்பு இறுகி அழுந்தியிருக்கும், உள்பகுதி எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும். அதனால்தான் சாதாரண அடிக்கு அசையாது. ஆனால் உடைந்தால் அந்த இறுக்கமெல்லாம் ஒரே நேரத்தில் அவிழ்ந்து, சில்லு சில்லாக அறை முழுக்கச் சிதறும். மகள் வீட்டில் ஒன்று விழுந்தது சமையலறையில், துண்டு கிடைத்தது பூஜை அறை வாசலில். தவழ்கிற குழந்தை இருக்கும் வீட்டில் யோசித்துக்கொள்ளுங்கள். மைக்ரோவேவில் இருந்து எடுத்த சூடான தட்டை ஈரமான கிரானைட் மேடையில் வைக்கக் கூடாது. தங்கக் கரை போட்டது மைக்ரோவேவுக்குள் போகவே கூடாது. 51 உருப்படி, 33 உருப்படி என்று செட்டாக வாங்காதீர்கள். அந்த எண்ணிக்கையைச் சின்னக் கிண்ணங்களும் கரண்டிகளும் நிரப்பியிருக்கும். தனித்தனியாக விற்கிற டிசைனாகப் பார்த்து, கூட இரண்டு தட்டு சேர்த்து வாங்குங்கள். நாலு வருடம் கழித்துப் போனால் அந்தப் பூ கிடைக்காது. வெறும் வெள்ளை எப்போதும் கிடைக்கும்.

பீங்கான் வாங்குவதானால் தட்டைத் திருப்புங்கள். அடி வளையத்தில் மெருகு பூசாத இடம் ஒன்று இருக்கும். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். உறிஞ்சிக்கொண்டால் அது குறைந்த சூட்டில் சுட்ட மண். பூச்சில் கீறல் விழுந்ததும் எண்ணெயையும் மஞ்சளையும் குடிக்க ஆரம்பிக்கும், மைக்ரோவேவில் வைத்தால் சாப்பாட்டைவிடத் தட்டு கொதிக்கும். சொட்டு அப்படியே நின்றால் நம் ஊறுகாய் ஜாடி இனம், அல்லது போர்சலின். தாராளமாக வாங்கலாம். அப்புறம் விரல் முட்டியால் ஒரு தட்டு. கணீர் என்றால் சரி, 'தொப்' என்றால் எங்கோ மயிரிழை விரிசல் இருக்கிறது. பூச்சுக்குக் கீழே வரைந்த பூ அழியாது, மேலே ஒட்டிய பூ நகத்துக்கு நெருடும், தேயும். போன் சைனா என்கிற பீங்கான் ரகத்தில் சாம்பலாக்கிய மாட்டெலும்பு கலந்திருக்கும். சைவ வீடுகளில் இதைச் சொல்லித்தான் விற்பேன். முதலாளிக்குப் பிடிக்காது.

மெலமைன் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், நானே ஏமாந்தவன். ஆடிக் கழிவில் ஒரு செட் வாங்கிப்போனேன், லேசாக, உடையாமல், பீங்கான் மாதிரி அழகாக. இரண்டே மாதத்தில் கீறல் விழுந்து அதில் மஞ்சள் ஏறிவிட்டது. அது மெலமைனும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்த பிசின். ஜெர்மனியின் அரசு ஆய்வு நிறுவனம் 70 டிகிரிக்கு மேல் சூடான உணவுக்கு அது வேண்டாம் என்கிறது. கொதித்து இறக்கிய ரசம் அதைத் தாண்டும், போதாததற்குப் புளிப்பு வேறு. மைக்ரோவேவிலும் கூடாது. முறுக்கு வைக்கலாம், நறுக்கிய பழம் வைக்கலாம். என் செட்டில் மிஞ்சிய ஒன்று இப்போது துளசி மாடத்துத் தொட்டிக்கு அடியில் தண்ணீர் பிடிக்கிறது.

வெண்கலத் தட்டு இப்போது திரும்ப மவுசாகியிருக்கிறது. செம்பு 78, வெள்ளீயம் 22 என்பது பழைய கணக்கு. தட்டினால் கோயில் மணி மாதிரி நாதம் நீளும். நல்ல சரக்குதான், ஆனால் வெள்ளீயம் இவ்வளவு சேர்ந்தால் உலோகம் முறுகலாகிவிடும். சிமென்ட் தரையில் விழுந்தால் ஒடுக்கு விழாது, விரிசல் விட்டுவிடும். வீட்டில் ஒருவருக்கு ஒன்று என்று வாங்கி, அவரவரே கழுவிக்கொள்வதானால் வாங்குங்கள். பித்தளைத் தட்டு ஈயம் பூசாமல் புளிப்புக்கு ஆகாது. இப்போது ஈயம் பூச ஆள் தேடுவதற்குள் தட்டு பூஜை அறைக்குப் போய்விடும்.

எத்தனை வாங்குவது? நாலு பேர் வீட்டுக்கு 12 அங்குலத் தட்டு 6, டிபனுக்கு 10 அங்குலம் 4, கிண்ணம் 8. விருந்தாளி வந்தால் வாழை இலை இருக்கிறது. எல்லாம் ஒரே அளவாக, ஒன்றுக்குள் ஒன்று உட்காரும்படி வாங்குங்கள். அலமாரியில் பாதி இடம் மிச்சம்.

பேர் வெட்டுவதானால் தட்டின் அடிப்பக்கத்தில் வெட்டச் சொல்லுங்கள், உள்பக்கம் வெட்டினால் எழுத்தின் பள்ளத்தில் அழுக்கு நிற்கும். வெட்டுவதற்கு முன்னால் காகிதத்தில் எழுதிக் கொடுத்து, மெஷினை அணைக்கும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். 1990-ல் என் கல்யாணத்துக்குக் கடையிலேயே இரண்டு 20 கேஜ் தட்டு எடுத்தேன். கூட வேலை பார்த்த நண்பன், 'என் அன்பளிப்பு' என்று பேர் வெட்டிக் கொடுத்தான். என் பெயரைச் சரியாகத்தான் வெட்டினான். மனைவி பெயர் 'செல்வி'யில் மட்டும் புள்ளியை விட்டுவிட்டான், 'செலவி' ஆகிவிட்டது. தட்டில் இன்றுவரை ஒரு ஒடுக்கு இல்லை, விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு இல்லை. கடையில் இருந்த அத்தனை வருடமும் அந்த மெஷின் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. "அந்தப் புள்ளியை எப்பதான் வைக்கப் போறீங்க?" என்று போன வாரம் கூடக் கேட்டாள்.